வாக்காளர் இடாப்பும் ஆட்சியாளர் அதிகாரமும்

ஆண்டுக்கு ஒரு முறை, வாக்காளர் இடாப்பு மீளாய்வு செய்யப்படும் காலத்திலே, கிராம அலுவலர் நமது படலையைத் தட்டுகின்றார். நம் பாட்டனார் காலத்தில் அந்த வேலையை விதானையார் செய்தார். வீட்டுத் தலைவர் மூக்குக் கண்ணாடியைத் தேடுகின்றார். தாயார் அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் கிடக்கும் தகரப் பெட்டியை எடுத்து வருகின்றார். "மூத்தவனுக்குப் பதினெட்டு நிரம்பிவிட்டதல்லவா?" என்று ஒரு கேள்வி, "கொழும்பிலிருக்கும் மகளின் பெயரை இங்கே வைப்பதா, அங்கே வைப்பதா?" என்று இன்னொரு கேள்வி. பத்து நிமிடத்தில் காரியம் முடிந்து விடுகின்றது. அலுவலர் சைக்கிளை உருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகின்றார். அதன்பின் அடுத்த ஆண்டுவரை அதைப் பற்றி நாம் நினைப்பதில்லை.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்திலே எழுதப்படுகின்ற பெயர் சாதாரணமான பெயரன்று. இந்நாட்டின் ஆட்சியுரிமையில் ஒருவருக்குள்ள பங்குக்கு அதுவே உறுதி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. வாக்குரிமையைப் பொறுத்தமட்டில் கதை நேர்மாறானது. ஏட்டில் இருக்கின்ற சுரைக்காய்தான் கறிக்கு உதவும். ஏட்டில் இல்லாதது தோட்டத்தில் எவ்வளவு செழித்துக் காய்த்திருந்தாலும் பயனில்லை.

இந்த ஏட்டை எழுதும் அதிகாரம் யாருக்கு உரியது? எழுதிய பெயரை அழிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? நாட்டை ஆள்வோர் தமது வசதிக்கேற்ப அந்த ஏட்டையோ, அதன்படி நடைபெற வேண்டிய தேர்தலையோ மாற்றியமைக்க முயன்றால் அவர்களைத் தடுப்பது எது? நம் மாணவர்களும் குடும்பத்தவரும் ஒருமுறை இருந்து யோசிக்க வேண்டிய கேள்விகள் இவை. இவற்றுக்கான விடையை நாம் தூர தேசங்களிலே தேட வேண்டியதில்லை. நமது நாட்டு வரலாற்றிலேயே அது கண்ணீராலும் நீதிமன்றத் தீர்ப்புக்களாலும் எழுதப்பட்டிருக்கின்றது.

சட்டம் கூறுவது என்ன?

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை, இறைமை மக்களுக்கே உரியது என்றும், அதை அவர்களிடமிருந்து பிரித்தெடுக்க முடியாதென்றும் கூறுகின்றது. ஆட்சி அதிகாரங்களோடும் அடிப்படை உரிமைகளோடும் வாக்குரிமையும் அந்த இறைமையின் ஒரு கூறு என்று அதே உறுப்புரை எடுத்துரைக்கின்றது. வாக்குரிமை அரசாங்கம் இரங்கிக் கொடுத்த தருமமன்று. அரசாங்கத்துக்கே அதிகாரம் பிறக்கும் ஊற்று அதுதான் என்பது இதன் பொருள்.

ஆனால் அடுத்து வரும் 4ஆம் உறுப்புரை ஒரு நிபந்தனையையும் சேர்க்கின்றது. பதினெட்டு வயது நிரம்பிய பிரசை ஒருவர், தேருநராகும் தகுதி உடையவராய் இருப்பதோடு, தேருநர் இடாப்பிலே பெயர் பதியப்பட்டவராகவும் இருந்தால்தான் அவ்வுரிமையைப் பிரயோகிக்கலாம். "தேருநர்" என்பது சட்டப் புத்தகத்துச் சொல். பேச்சு வழக்கில் வாக்காளர் என்கின்றோம். இறைமை என்னும் பெரிய மாளிகைக்கு இடாப்பு என்னும் சிறிய வாயிற்கதவு ஒன்றே வழி. மாளிகையை இடிக்க எவரும் துணிய மாட்டார்; ஆனால் கதவைச் சாத்திவிடுவது எளிது. நமது வரலாற்றில் அது நடந்திருக்கின்றது.

கதவு திறந்த கதை

இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலே இலங்கையருக்கு இருந்த வாக்குரிமை மிகச் சொற்பம். 1910ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி சட்டநிரூபண சபையிலே "படித்த இலங்கையர்" என்னும் பெயரில் ஒரேயோர் ஆசனம் ஒதுக்கப்பட்டது. அதற்கான தேர்தலில் சேர். பொன்னம்பலம் இராமநாதன் வெற்றி பெற்றார். அத்தேர்தலில் வாக்களிக்கும் தகுதி பெற்றிருந்தோர் நாடு முழுவதிலும் சுமார் 3,000 பேர் மட்டுமே. பின்னர் தகுதி சற்று விரிவடைந்த போதிலும், 1920களின் இறுதியில்கூட நூற்றுக்கு நான்கு பேரளவில்தான் வாக்காளராய் இருந்தனர். கல்வியும் வருமானமும் சொத்தும் உள்ள ஆண்களின் உரிமையாகவே அது விளங்கிற்று.

1927ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த டொனமூர் ஆணைக்குழு இந்த நிலையைத் தலைகீழாக்கியது. சர்வசன வாக்குரிமை வேண்டுமென்று அது 1928இல் அறிக்கை சமர்ப்பித்தது. நம் தலைவர்களிலே பலர் அதை அஞ்சினர். எழுத்தறியாதவனுக்கு வாக்கு எதற்கு என்று கேட்டனர். பெண்களுக்கு முப்பது வயதிலிருந்தே வாக்குரிமை என்று ஆணைக்குழு பரிந்துரைத்த போதிலும், இறுதியில் ஆண் பெண் இருபாலாருக்கும் இருபத்தொரு வயதென்றே முடிவாயிற்று. 1931ஆம் ஆண்டு ஜூன் மாதம் அரசாங்க சபைக்கு நடந்த தேர்தலில், வயல் உழுத குடியானவனும் கிடுகு பின்னிய கிழவியும் முதன்முறையாக வாக்களிக்கும் தகுதி பெற்றனர். ஆசியாக் கண்டத்திலே இப்பெருமை நமது நாட்டுக்கு மிக முன்பாகவே கிடைத்தது.

எனினும் அப்பொழுதே கதவில் ஒரு சிறிய தாழ்ப்பாளும் பொருத்தப்பட்டது. மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர், இந்நாட்டில் நிலையாகக் குடியிருப்பவர் என்று காட்டினால்தான், அல்லது கல்வி, சொத்துத் தகுதி காட்டினால்தான், அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெற்றால்தான் அவர்கள் இடாப்பில் சேரலாம் என்று விதிக்கப்பட்டது. அந்தத் தாழ்ப்பாள் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் பூட்டாக மாறும் என்று அன்று பலர் எண்ணியிருக்க மாட்டார்.

இரண்டு சட்டங்கள், ஒரு பூட்டு

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் திரளாக வாக்களித்தனர். மலைநாட்டுத் தொகுதிகள் சிலவற்றில் இலங்கை இந்தியக் காங்கிரசின் வேட்பாளர்கள் பாராளுமன்றம் சென்றனர். நுவரெலியாத் தொகுதியிலிருந்து சென்றவர் சௌ. தொண்டமான். 1948 பெப்ரவரியில் நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறி, நவம்பர் 15ஆந் தேதி நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் சொற்களிலே எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. சட்டம் வருவதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாக வேண்டுமானால், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இவ்வளவே விதி. ஆனால் விதியை வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். தலவாக்கலையில் ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்து, பன்னிரண்டு வயதிலே கொழுந்துக் கூடையைத் தோளிலேற்றி, அந்த மண்ணிலேயே முதுமையடைந்த ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அவருடைய தந்தையார் குழந்தைப் பருவத்தில் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து தாயின் இடுப்பில் வந்தவரென்றால், மகள் இந்நாட்டில் பிறந்திருந்தும் இந்நாட்டுப் பிரசையல்லர். தந்தையார் இங்கேயே பிறந்தவராயினும், அதற்குக் காகிதச் சான்று இல்லையென்றால் நிலைமை வேறாகப் போவதில்லை. யாழ்ப்பாணத்திலும் மாத்தறையிலும்கூட எத்தனையோ குடும்பத்தவரிடம் பாட்டனாரின் பிறப்புச் சான்றிதழ் இருந்ததில்லை. ஆனால் அவர்களிடம் அதை எவரும் கேட்கவுமில்லை.

அடுத்த ஆண்டு 1949இல் இரண்டு சட்டங்கள் வந்தன. 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், குறிப்பிட்ட ஆண்டுகள் இடைவிடாது வசித்தமையை நிரூபிப்போர் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெறலாம் என்றது. 48ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல் திருத்தச் சட்டமோ, பிரசையல்லாதவரின் பெயர் வாக்காளர் இடாப்பிலே சேர்க்கப்படவோ தொடர்ந்து இருக்கவோ தகாது என்றது. முதற் சட்டம் மனிதரைப் பிரசையல்லர் என்றாக்கிற்று. இந்தச் சட்டம் பிரசையல்லாதவரை இடாப்பிலிருந்து அகற்றிற்று. தனித்தனியே பார்த்தால் இரண்டும் எந்த நாட்டிலும் காணக்கூடிய சட்டங்கள் போலத் தோன்றும். பூட்டையும் சாவியையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் கதவு பூட்டப்பட்டது விளங்கும். பாராளுமன்றத்திலே சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்களும் இடதுசாரிக் கட்சியினரும் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்துப் பேசினர். ஆயினும் கை உயர்த்தியோர் தொகையே வென்றது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து ஒருவர்கூடத் தெரிவாகவில்லை.

றுவன்வெல்லையில் ஒரு மனு

இந்தப் பூட்டை உடைக்க ஒரு மனிதர் நீதிமன்றப் படியேறினார். கோடக்கன்பிள்ளை என்னும் அவர், றுவன்வெல்லைத் தேர்தற் தொகுதியின் 1950ஆம் ஆண்டு இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்குமாறு கேட்டார். பிரசையென்று திருப்தியில்லை எனக் கூறிப் பதிவு அதிகாரி மறுத்தார். அவர் மீளாய்வு அதிகாரியிடம் முறையிட்டார். மீளாய்வு அதிகாரியாக இருந்த சிவஞானசுந்தரம் அவர்கள், அக்காலத்து அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை எடுத்து நோக்கினார். ஒரு சமூகத்தவருக்கு மட்டும், மற்றச் சமூகத்தவருக்கு இல்லாத தடையை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்பது அப்பிரிவின் கட்டளை. மேற்கூறிய சட்டங்கள் அதற்கு முரணானவை, ஆதலால் செல்லாதவை என்று அவர் தீர்ப்பளித்து, மனுதாரரின் பெயரைச் சேர்க்கப் பணித்தார்.

இந்த இடத்திலே நாம் சற்றுத் தரித்து நிற்க வேண்டும். ஓர் அதிகாரி, அரசாங்கமே முன்னின்று நிறைவேற்றிய சட்டங்களைத் தம் மேசையில் வைத்து, நாட்டின் அடிப்படைச் சட்டத்தோடு ஒப்பிட்டு, "இது செல்லாது" என்று எழுதினார். ஆட்சியாளரின் அதிகாரத்துக்கு எல்லை என்பது ஏட்டிலே வரைந்த கோடு மட்டுமன்று. அந்தக் கோட்டைக் கண்டால் நின்று விடுகின்ற, பிறரையும் நிற்கச் சொல்கின்ற மனிதர்கள் இருந்தால்தான் அது எல்லையாகும்.

ஆனால் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. 1951இல் உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குச் சென்றது. 1953இல் பிரபுக்களும் மேன்முறையீட்டைத் தள்ளினர். நேராகச் செய்யத் தகாததைச் சுற்றுவழியில் சாதிக்கச் சட்டம் ஆக்கப்படக்கூடும், அவ்வாறு காட்டப்பட்டால் அது செல்லாமற் போகலாம் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டனர். ஆயினும் தன் பிரசைகள் யாவர் என்று நிர்ணயிப்பது எந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்கும் இயல்பான பணியென்றும், இச்சட்டங்கள் உண்மையில் பிரசாவுரிமை பற்றியனவே என்றும், விண்ணப்பித்துப் பிரசையாகும் வழியும் திறந்திருக்கின்றது என்றும் அவர்கள் கருதினர். சட்டத்தின் சொல்லைப் பார்த்த கண், அது விழுந்த இடத்தைப் பார்க்கவில்லை.

திறந்திருப்பதாகச் சொல்லப்பட்ட அந்த வழி எத்தகையது? 1951 ஆகஸ்ட் 5ஆந் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. சுமார் எட்டு இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. ஆண்டுகள் பல கழித்து விசாரணைகள் முடிந்தபோது பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 134,000 பேர் மாத்திரமே. எஞ்சியோர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாத "நாடற்றவர்" ஆயினர்.

பூட்டைத் திறக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள்

பூட்டுவதற்கு ஓராண்டு போதுமாயிருந்தது. திறப்பதற்கு எத்தனை ஆண்டு சென்றது என்பதை நம் மாணவர் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

1964 அக்டோபர் 30ஆந் தேதி சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று இரு பிரதமர்களும் உடன்பட்டனர். 150,000 பேரின் கதி பின்னர் பார்க்கப்படும் என விடப்பட்டது. 1974இல் அவர்களையும் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. நெல் மூட்டைகளைப் பங்கிடுவது போல மனிதர்கள் பங்கிடப்பட்டனர். தலைமன்னார்க் கப்பலுக்கு ஏற்றிச் சென்ற புகையிரதங்களின் பின்னே எத்தனை குடும்பங்கள் இரண்டாய்ப் பிரிந்தன என்பதை மலைநாட்டு மூதாட்டிகள் சொல்லக் கேட்டால் நெஞ்சு கனக்கும். 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு வந்தபொழுது, மனுதாரர் நம்பியிருந்த அந்த 29ஆம் பிரிவே இல்லாமற் போயிற்று.

பின்னர் 1986ஆம், 1988ஆம் ஆண்டுகளில் நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டங்கள் வந்தன. இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், எஞ்சிய இந்திய வம்சாவளியினருக்கும் கதவைத் திறந்தது. 1948இலிருந்து 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள்! 1948இல் வாலிபனாய் இருந்தவன் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டே இடாப்பினுள் மீண்டும் நுழைந்தான். வாக்கில்லாத மக்களின் லயத்துக்குத் தண்ணீர்க் குழாயும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும், வீட்டுக்கு ஒரு துண்டு நிலமும் ஏன் பிந்தி வந்தன, அல்லது ஏன் இன்னமும் வரவில்லை என்பதற்கு இந்த ஐம்பத்தைந்து ஆண்டுகள் தரும் விடை பெரிது. வாக்குக் கேட்டு வராதவன் வாய்க்கால் வெட்டித் தரவும் வருவதில்லை.

தேர்தல் நாளைத் தொடும் கை

இதுவரை சொன்னது சட்டமன்றம் இடாப்பைச் சுருக்கிய கதை. ஆட்சித்துறைக்கோ இடாப்பைத் தொடாமலே வாக்குரிமையைத் தொடும் வழியுண்டு. இடாப்பில் எல்லோர் பெயரும் இருக்கட்டும். தேர்தலை மட்டும் நடத்தாமல் விட்டால் என்ன? வேலியே பயிரை மேய்வது இங்கேதான்.

1982ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆந் தேதி நடந்த சர்வசன வாக்கெடுப்பின் மூலம், 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுள் மேலும் ஆறாண்டு நீட்டப்பட்டது. பொதுத் தேர்தல் இல்லாமலே ஒரு தலைமுறை மாணவர் வாக்களிக்கும் வயதடைந்தனர். அடுத்த பொதுத் தேர்தல் 1989இலேயே நடைபெற்றது.

1998இல் இதே நோய் வேறு உருவில் வந்தது. ஐந்து மாகாண சபைகளுக்கு ஆகஸ்ட் 28ஆந் தேதி தேர்தல் நடத்த நாள் குறிக்கப்பட்டிருந்தது. ஆகஸ்ட் 4ஆந் தேதி சனாதிபதி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, அந்த நாள்குறிப்பைச் செல்லாதாக்கும் ஒழுங்குவிதியையும் பிறப்பித்தார். பத்திரிகையாளர் இருவர் உயர் நீதிமன்றத்தை நாடினர். 1999 ஜனவரி 27ஆந் தேதி நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய தீர்ப்பு, இந்நாட்டு வாக்குரிமை வரலாற்றில் ஒரு மைல்கல். வாக்களித்தல் என்பது பிரசை தன் கருத்தை வெளியிடும் ஒரு முறையே. வாக்குச்சாவடியில் மௌனமாகவும் இரகசியமாகவும் இடப்படும் புள்ளடி, மேடையில் உரத்துப் பேசும் பேச்சுக்கு ஒப்பானது. ஆகவே நியாயமின்றி அதைத் தடுப்பது பேச்சுச் சுதந்திரத்தைத் தடுப்பதாகும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். மூன்று மாதத்துக்குள் தேர்தலை நடத்தவும் நீதிமன்றம் பணித்தது. அவ்வாறே 1999 ஏப்ரல் 6ஆந் தேதி தேர்தல் நடந்தது.

2018ஆம் ஆண்டு நவம்பர் 9ஆந் தேதி நள்ளிரவையண்டிய வேளையிலே மற்றொரு வர்த்தமானி வெளிவந்தது. அதன் வாயிலாகச் சனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். தேர்தலைத் தள்ளிப்போட்டவர்களைக் கண்ட நாட்டுக்கு இது புதுமை; இங்கே தேர்தல் உரிய காலத்துக்கு முன்பே திணிக்கப்பட்டது. மக்களிடம் போவதை யார்தான் குறை கூறலாம் என்று சிலர் கேட்டனர். கேள்வி நியாயமானதுபோல் தோன்றும். ஆனால் 2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தம், நாலரை ஆண்டு முடியுமுன் கலைப்பதானால் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினரின் தீர்மானம் வேண்டும் என்று கூறியிருந்தது. மக்கள் ஒரு முறை அளித்த வாக்கை, ஒருவர் தம் கையொப்பத்தால் இடைநடுவில் செல்லாக்காசாக்க முடியுமா என்பதே உண்மையான கேள்வி. டிசம்பர் 13ஆந் தேதி உயர் நீதிமன்றத்தின் எழுவர் கொண்ட குழாம், முடியாது என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது.

மூன்றாவது வழி பணப்பையின் வாயைச் சுருக்குவது. 2023 மார்ச் 9ஆந் தேதி நடக்க வேண்டியிருந்த உள்ளூராட்சித் தேர்தல், செலவுக்குப் பணமில்லை என்னும் காரணத்தால் நின்று போனது. 2024 ஆகஸ்ட் 22ஆந் தேதி உயர் நீதிமன்றம், நிதியமைச்சுப் பொறுப்பையும் வகித்த அன்றைய சனாதிபதி உள்ளிட்டோரின் நடத்தை பிரசைகளின் அடிப்படை உரிமையை மீறியதென்று கண்டது. தேர்தல் 2025 மே 6ஆந் தேதி நடைபெற்றது. தீர்ப்பு வென்றது, ஆனாலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நமது ஊர்ச் சபைகள் மக்கள் பிரதிநிதிகளின்றி இருந்தன. பிந்திக் கிடைக்கும் நீதி காயத்தை ஆற்றும். இழந்த காலத்தை மீட்டுத் தராது.

இடாப்பு இன்று

இன்று நம் இடாப்பை ஆள்வது 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கத் தேருநர் பதிவுச் சட்டம். அதன் அமைப்பை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. வீடு வீடாகத் தகவல் பெறப்பட்டு இடாப்பு மீளாய்வு செய்யப்படுகின்றது. சேர்க்கவிருக்கும் பெயர்களும் நீக்கவிருக்கும் பெயர்களும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. பெயர் விடுபட்டவர் உரிமை கோரலாம். தகாத பெயர் இருப்பதைக் கண்டவர் ஆட்சேபிக்கலாம். இவை விசாரிக்கப்பட்ட பின்னரே இடாப்பு அத்தாட்சிப்படுத்தப்படுகின்றது. இருட்டிலே ஒருவர் பெயரை அழிக்க முடியாதவாறு, பட்டியலை வெளிச்சத்தில் விரித்து வைப்பதே இதன் நோக்கம்.

காலத்துக்கேற்ப இச்சட்டம் திருந்தியும் வந்திருக்கின்றது. போரினால் ஊரிழந்தோர், தாம் விட்டு வந்த ஊரின் இடாப்பிலேயே பெயர் பதிய இடமளித்து 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம் வந்தது. அகதி முகாமில் இருப்பவருக்கும் ஊர் என்று ஒன்று உண்டு என்பதை அது ஏற்றுக்கொண்டது. 2021ஆம் ஆண்டின் திருத்தம், ஆண்டின் இடையிலே பதினெட்டு வயதடைவோர் அடுத்த ஆண்டுவரை காத்திராமல் துணை இடாப்பிற் சேர வழி செய்தது. வாக்களிக்கும் வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைந்தது 1959இல். ஆனால் பிறந்தநாள் பிந்திய காரணத்தால் தேர்தலைத் தவறவிட்ட இளைஞர் தொகை அதன் பின்னும் கொஞ்சமன்று.

இடாப்பையும் தேர்தலையும் ஆட்சியாளரின் கைக்கு எட்டாதவாறு வைக்க ஒரு சுயாதீன ஆணைக்குழு வேண்டுமென்று 2001ஆம் ஆண்டின் 17ஆவது திருத்தம் விதித்தது. விதித்தும் பதினான்கு ஆண்டு அது அமைக்கப்படவில்லை. 19ஆவது திருத்தத்தின் பின், 2015 நவம்பரிலேதான் முதலாவது தேர்தல் ஆணைக்குழு பதவியேற்றது. 2024 செப்டெம்பர் 21ஆந் தேதிச் சனாதிபதித் தேர்தலின்போது இடாப்பிலிருந்த பெயர்கள் 17,140,354. அன்று சுமார் மூவாயிரம். இன்று ஒரு கோடியே எழுபத்தொரு இலட்சத்துக்கு மேல். இது சிறிய பயணமன்று.

நாம் செய்ய வேண்டியது

இந்த வரலாற்றிலிருந்து நமக்குத் தெளிவாகும் உண்மைகள் இரண்டு.

முதலாவது, ஆட்சித்துறையை அடக்கச் சட்டம் மட்டும் போதாது. 1949இல் உரிமையைப் பறித்தது சட்டத்தை மீறிய கையன்று; சட்டத்தை ஆக்கிய கை. மற்றவனின் பெயர் நீக்கப்படும்பொழுது, நம் பெயர் இருக்கின்றதே என்று வாளாவிருந்தவர் அந்நாளில் நம்மிடையேயும் இருந்தனர். அயலவன் வேலியில் நெருப்புப் பற்றும்போது காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருப்பது அறிவுடைமையாகாது.

இரண்டாவது, நீதிமன்றம் தானாக எழுந்து வருவதில்லை. றுவன்வெல்லையில் ஒருவர் மனுச் செய்தார், தோற்றார். 1998இல் இருவர் மனுச் செய்தனர்; வென்றனர். தோற்ற மனுவும் வீணன்று. சுற்றுவழியாலும் அநீதி செய்யப்படலாம் என்பதைப் பிரபுக்களின் வாயாலேயே சொல்லவைத்தது அந்த மனுத்தான். கேட்கின்ற பிரசை இல்லாத நாட்டிலே, எவ்வளவு சிறந்த அரசியலமைப்பும் கண்ணாடி அலுமாரியில் வைத்த வெள்ளிப் பாத்திரம்.

ஆகையால், அடுத்த முறை படலை தட்டப்படும்பொழுது அவசரப்பட வேண்டாம். வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் பிள்ளைகளைக் கொண்டே வாசிப்பியுங்கள். வயதடைந்த பிள்ளையின் பெயரை அவர் கையாலேயே எழுதச் செய்யுங்கள். இடாப்பு பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் சென்று பாருங்கள். தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் பார்க்கலாம். எழுதப் படிக்க இயலாத அயல் வீட்டுக் கிழவியின் பெயரும் இருக்கின்றதா என்று சேர்த்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் காலக்கெடு கழியுமுன் உரிமை கோர உதவுங்கள்.

மலைநாட்டிலே ஒரு தலைமுறை முழுவதும் காத்திருந்து பெற்றது இந்த ஒரு வரி எழுத்து. நமக்கு அது படலையடிக்கு வருகின்றது. வருவதை மதித்து வாங்கிக்கொள்வதும், ஆள்வோர் எவரும் அதில் கை வைக்காமல் விழித்திருப்பதும் நமது கடமை.